ஐந்து சீட்டு, ஆறு பேர்

எல்லப்பன் மகள் வெண்ணிலா எங்கே படிக்கிறாள் என்று எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் லண்டன் என்பார்கள். அது தவறு. அவள் படிப்பது ஸ்காட்லாந்தில், அபர்டீன் என்ற துறைமுக ஊரில். லண்டனுக்கும் அந்த ஊருக்கும் இடையே ஏறக்குறைய பழவேற்காட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம். இதை எடுத்துச் சொன்னால் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் தசரதன், "வெள்ளக்காரன் ஊருன்னா எல்லாம் லண்டன்தான், சும்மா இரு பெரிசு" என்கிறார். அவர் தலைவர். பூமி அவர் சொன்னபடி நகர்ந்துகொள்ளட்டும்.

வெண்ணிலாவின் அம்மா மணியம்மாளுக்குப் போனைக் காதில் வைத்தால் பேச்சு பிடிபடாது. ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வாசலில் நின்று பேசுவாள். ஆகவே இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி தெரு முழுவதும் கேட்டதுதான். மிச்சத்தை வெண்ணிலாவிடமே கேட்டுச் சரிபார்த்தாயிற்று.

முதலில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. கடல் உள்ளே நுழையும் முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். உள்ளே தள்ளிப் போகப் போகச் சேறும் பாசியும்தான். நல்ல இடத்துக்கு எல்லாரும் பாய்ந்தால் வலையும் அறுபடும், மண்டையும் உடையும். அதனால் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்த முறைதான் பாடு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. பெண்களுக்குச் சீட்டு இல்லை. அவர்கள் மீனை ஏலம் கூறலாம், கூடை சுமக்கலாம், விற்கலாம், வலைக்குக் கடன் வாங்கலாம். அதற்கெல்லாம் தடை எதுவும் கிடையாது.

சீட்டை யார் எடுப்பது என்பதில் எங்கள் குப்பம் மிகவும் நியாயமானது. ஏரியில் பங்கு உள்ளவன் கை சீட்டில் படக்கூடாது. ஆண் குழந்தையும் ஆகாது. நாளைக்கு வளர்ந்து தலைக்கட்டாகிவிடுவான். இன்றைக்கும் பங்கில்லாத, என்றைக்கும் பங்கு வரப்போகாத கை வேண்டும். அப்படிப்பட்ட தூய்மையான கை பெண் குழந்தைக்கு மட்டும்தான் உண்டு என்று பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். பால்பல் விழுந்த வயதிலிருந்து தாவணி போடும் வரை குப்பத்துக்குச் சீட்டு எடுத்தவள் வெண்ணிலா. எடுத்த சீட்டைப் பிரித்து, தலைக்கட்டுப் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் அவள் தமிழ் படிக்கவே கற்றுக்கொண்டாள்.

பொன்னேரியில் மீன்வளப் படிப்பு முடித்தாள். மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து அபர்டீன் போகிறாள் என்று தெரிந்ததும் குப்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி, "மீனப் பத்திப் படிக்க மீனே இல்லாத ஊருக்கு ஏன் போவணும்?" என்றது. அந்த ஊரில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது என்பதை அந்தப் பாதி ஏற்கவில்லை. இன்னொரு பாதி, "பொட்டப்புள்ளய அவ்ளோ தூரம் அனுப்புறானே, எல்லப்பனுக்கு மூள கீதா?" என்றது. புறப்பட்ட அன்று இரண்டு பாதியும் வேனைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டன.

அங்கே ஒரு பழைய கருங்கல் வீட்டில் மாணவர்கள் ஆறு பேர். ஆளுக்கொரு அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அடுப்பில் நான்கு இடம், எரிவது இரண்டு. உள்ளூர்ப் பையன் யூவன், கானா நாட்டுப் பெண் எஃபுவா, சீனத்துப் பெண் லின், ஒரு போலந்துப் பையன், குர்கானிலிருந்து வந்த ரோஹன், ஆறாவது வெண்ணிலா. ரோஹனுக்கு மீன் வாடை ஆகாது. இந்தி தெரியாத இந்தியர்களும் அவ்வளவாக ஆகாது. இந்த இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்த்து விதி அவனுக்கு அடுத்த அறையில் வைத்திருந்தது.

அந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள். எதிரே பார்த்தால் "எப்படி இருக்கே?" என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் படியிறங்கிப் போயிருப்பார்கள். வெண்ணிலா முதல் வாரம் நின்று பதில் சொன்னாள். இரண்டாவது வாரத்திலிருந்து அவளும் கேட்டுவிட்டு நடக்கக் கற்றுக்கொண்டாள். இந்தப் பாடத்துக்குத் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை.

மணியம்மாள் தினமும் கேட்பாள்.

"துன்னியாடி?"

"துன்னேன் மா."

"இன்னா துன்னே?"

"ரொட்டி."

"சொரம் வந்தவங்க துன்றத நீ ஏன்டி துன்றே? ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல மா."

மனசுக்குத்தான் என்று அவள் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் தெரு கேட்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் விழா வைத்தது. தமிழ்க் குரலைக் கேட்டால் போதும் என்று இரண்டு பஸ் மாறிப் போனாள். சங்கச் செயலாளர் ராஜேந்திரன் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். அவரும் மனைவி வசந்தாவும் வாசலிலேயே வரவேற்றார்கள்.

"எந்த ஊரும்மா?"

"பழவேற்காடு சார்."

"அட, ஃபிளமிங்கோ பாக்க வந்திருக்கோமே! போட்டுக்காரன் நடுவுல எறக்கி விட்டுட்டான், முழங்கால் வரைக்கும் சேறு" என்றார் ராஜேந்திரன், அந்தச் சேற்றை அவள்தான் கொட்டி வைத்தவள் போல.

"அப்பா என்ன பண்றாங்கம்மா?" என்றார் வசந்தா.

"மீன் பிடிக்கிறாரு."

"எக்ஸ்போர்ட்டா?"

"இல்ல ஆன்ட்டி. வலை."

அதற்குப் பிறகு அவர்களுக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்வதற்கு மட்டும் ஒன்று இருந்தது: "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் பரிமாற ஹெல்ப் பண்ணுங்கப்பா." பரிமாறினாள். தமிழின் தொன்மை பற்றி மூன்று பேர் ஆங்கிலத்தில் பேசினார்கள். சங்கத்தில் குடும்பமாகத்தான் உறுப்பினர் ஆகலாம் என்றும், தனியாக வந்த மாணவர்கள் நட்பு உறுப்பினர் என்றும், நட்பு உறுப்பினருக்கு ஓட்டு இல்லை, கடைசிப் பந்தியில் இடம் உண்டு என்றும் ராஜேந்திரன் விளக்கினார். வெண்ணிலாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. தலைக்கட்டு முறை விமானம் ஏறி வந்து கோட்டு மாட்டிக்கொண்டிருப்பதை அவள் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

அன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வருவதாகவும், திரும்பிப் போகப் போவதில்லை என்றும்.

"படிப்பு?" என்றாள் மணியம்மாள்.

"போதும் மா. இங்க ஒரு நாளைக்கு என் பேர சொல்லி ஒருத்தர்கூடக் கூப்புட்றதில்ல. நான் இருக்கேனா இல்லியான்னே யாருக்கும் தெரியல."

மணியம்மாள் போனைப் புருஷன் பக்கம் நீட்டினாள். எல்லப்பன் போனருகே குனிந்து, "நீ வந்துடு கண்ணு. எவன் இன்னா சொன்னாலும் நைனா பாத்துக்கிறேன்" என்றார். எவன் என்ன சொல்வான் என்று யோசிக்க அவருக்கு நேரம் கொடுக்காமல், பொழுது விடிவதற்குள் குப்பம் சொல்லி முடித்துவிட்டது. "நாங்க அப்பவே சொன்னோம்" என்றார்கள், அப்போது வாயே திறக்காதவர்களும். தசரதன் ரொம்ப வருத்தப்பட்டார். வெளிநாட்டுப் படிப்பு நம் பெண்களுக்கு ஒத்துவராது என்று டீக்கடையில் பல பேரிடம் வருத்தப்பட்டார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. இனி எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று இருந்தபோதுதான் அந்த வீட்டுச் சமையலறையில் சண்டை வந்தது.

சண்டைக்குக் காரணம் எரியும் இரண்டு அடுப்பும் ஒரு ஓவனும். சாயங்காலம் வகுப்பு முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து அதன்மேல் விழுவார்கள். யாரும் யாரையும் நேரில் திட்டமாட்டார்கள். அது நாகரிகமான ஊர். ஃபிரிட்ஜ் கதவில் சிறு சிறு காகிதங்களை ஒட்டிவைப்பார்கள். 'என் வாணலியைத் தொட்டவர் கடவுளுக்கு அஞ்சவும்' என்பது ரோஹன் எழுதியது. அன்று யூவன் ஓவனில் வைத்த, 'பை' என்னும் இறைச்சி அடைத்த பண்டம் கருகிக்கொண்டிருக்க, பக்கத்தில் ரோஹன் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். புகை அலாரம் அலறியது. ஆறு பேரும் மழையில் தெருவில் போய் நின்றார்கள். வீட்டு ஏஜென்சிக்காரர் வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் சமையலறையைப் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்ததும் நாகரிகம் முடிந்தது.

"உன் தாளிப்புப் புகைதான்!"

"உன் பை போன வாரத்துலேர்ந்து உள்ள வேகுது!"

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றான் யூவன்.

"தினமும் நீதான் முதல்ல வர்ற. காலேஜுக்குப் போறியா, இல்லையா?" என்றாள் எஃபுவா.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத வெண்ணிலா அப்போது வாயைத் திறந்தாள். ஏரி நடுவில் இரண்டு படகு முட்டிக்கொள்ளும்போது கரையிலிருந்து கத்துவார்களே, அந்தக் குரல்.

"நிறுத்துங்க! எங்க ஊர்ல இதுக்கெல்லாம் மண்டைய உடைச்சிக்க மாட்டாங்க. சீட்டுப் போடுவாங்க."

"லாட்டரியா?" என்றான் ரோஹன்.

"முறை" என்றாள்.

சொல்லி விளங்கவைத்தாள். ஒரு சாயங்காலத்துக்கு ஒருவர். அன்றைக்கு அடுப்பும் ஓவனும் அவருக்குத்தான். அவர் முடித்த பிறகுதான் மற்றவர்கள். ஒவ்வொரு வாரமும் நாள் ஒன்று தள்ளிப்போகும், ஆகவே ஆறு மணி வரை வகுப்பு வைத்த திங்கட்கிழமையும் எல்லாருக்கும் வரும், ஓய்வான வெள்ளிக்கிழமையும் எல்லாருக்கும் வரும். உடம்பு சரியில்லாதவர் முறை கெடாது. மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. மீறினால் எல்லார் பாத்திரமும் தேய்க்க வேண்டும். சனி, ஞாயிறு பொது.

பெயர்களை எழுதி, மடித்து, லின்னின் சோற்றுப் பானையில் போட்டுக் குலுக்கி, வெண்ணிலாவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். ஐந்து சீட்டு எழுதியிருந்தாள். ஐந்தும் வந்தது. வாரத்தில் வேலைநாள் ஐந்து, சீட்டும் ஐந்து. கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டதால் யாரும் தலையை எண்ணிப் பார்க்கவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும் ஆறு பேர்.

வெண்ணிலாவுக்கும் அதில் ஒரு குறை தெரியவில்லை என்பதுதான் இதில் அழகு. சீட்டு எடுத்த கைக்குச் சீட்டு எப்படி இருக்கும்? அவள் பகலில் யாரும் இல்லாத நேரத்தில் முட்டை ஒன்றை வேகவைத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். சாயங்காலம் ரொட்டி.

வீடு அமைதியாகிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவு சுத்தமாயிற்று. போலந்துப் பையன் தன் வெள்ளிக்கிழமையை யூவனுக்கு ஒரு டஜன் பீருக்கு விற்கப் பார்த்து, பிடிபட்டு, ஒரு வாரம் பாத்திரம் தேய்த்தான். சந்தேகம் வந்தால் எல்லாரும் வெண்ணிலாவின் கதவைத் தட்டினார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தீர்ப்பு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எங்கள் பஞ்சாயத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

அவள் ஊருக்குப் புறப்பட ஒரு வாரம் இருந்தது. அன்று எஃபுவாவின் முறை. பெரிய பானையில் மீனும் தக்காளியும் போட்டுச் சோறு செய்துகொண்டிருந்தவள், தண்ணீர் பிடிக்க வந்த வெண்ணிலாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"போறதுக்கு முன்னாடி உங்க ஊர் மீன் குழம்பு வெச்சுத் தர்றேன்னு சொன்னியே. உன் முறை என்னைக்கு?"

"எனக்கு முறை இல்லையே."

"இல்லையேன்னா? சீட்டு எழுதுனது யாரு?"

"நான்தான்."

"எத்தனை?"

"அஞ்சு."

"இந்த வீட்ல எத்தனை பேரு?"

"அஞ்சு" என்றாள் வெண்ணிலா, கொஞ்சமும் யோசிக்காமல்.

எஃபுவா கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்ப உன்னையும் சேத்து எண்ணு."

எண்ணினாள். முகம் மாறிப்போயிற்று. எப்படி விட்டுப்போனது என்று எஃபுவா கேட்க, ஊரில் சீட்டுப் போடும் விதத்தையும், பெண் குழந்தை சீட்டு எடுக்கும் நியாயத்தையும் வெண்ணிலா சொன்னாள். எஃபுவா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எங்க கரையில படகு என் அம்மாவோடது. ஆம்பளைங்க ஏறிப் போவாங்க, மீனோட வருவாங்க, என் அம்மா முன்னாடி கைகட்டி நிப்பாங்க. உன்னை அங்க கூட்டிட்டுப் போகணும். உனக்கு இல்ல, உங்க பெரியவங்களுக்கு வைத்தியம் பாக்கணும்."

சொல்லிவிட்டு எல்லாக் கதவுகளையும் தட்டினாள். நால்வரும் வந்தார்கள். வெண்ணிலாவுக்கு முறை இல்லை என்பது உங்களில் யாருக்குமே தெரியாதா என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எல்லாரிடமும் கண்ணியமான காரணம் ஒன்று இருந்தது. அவள் விரதம் இருக்கிறாள் என்று ரோஹன் நினைத்திருந்தான். தமிழ்ச் சங்கத்தில் சாப்பிட்டு வருகிறாள் என்று யூவன் நினைத்திருந்தான். தனியாகச் சாப்பிடுவது அவள் நாட்டுப் பண்பாடு, கேட்டால் தப்பாகிவிடும் என்று லின் பயந்திருந்தாள். போலந்துப் பையன் நேர்மையானவன். எதையும் நினைக்கவில்லை என்றான்.

"மறுபடி போடணும்" என்றாள் எஃபுவா. "ஆறு."

"ஆறுன்னா சனிக்கிழமையையும் சேக்கணும்" என்றான் யூவன். "சனிக்கிழமை ஃபுட்பால் இருக்கு."

"ஃபுட்பாலை ஓவன்லயா வெக்கப் போற?"

ஆறு பெயர்களையும் எழுதி லின்னின் சோற்றுப் பானையில் போட்டார்கள். வெண்ணிலா பழக்கத்தில் பானையை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

"நான் எடுக்கக் கூடாது" என்றாள். "எனக்கும் பங்கு இருக்கு. பங்கு இல்லாத ஆள் வேணும்."

அந்த வீட்டில் பங்கு இல்லாத ஆள் இப்போது யாரும் இல்லை. நல்லவேளையாக மாடிப்படியில் ஏணி போட்டு ஒருவர் புகை அலாரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இறங்கி வரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பானையில் கைவிடச் சொன்னார்கள். உள்ளே கடிக்கிற எதுவும் இல்லையே என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்றாமலே எடுத்தார். வெண்ணிலாவுக்கு வியாழக்கிழமை விழுந்தது. அந்தச் சீட்டை அவள் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். தன் பெயரைச் சீட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை துறைமுகத்துக்குப் போய்க் கானாங்கெளுத்தி வாங்கிவந்து, அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளைக் கொட்டிக் குழம்பு வைத்தாள். முறைப்படி அன்று சமையலறை அவளுக்கு மட்டும்தான். மற்ற ஐந்து பேரும் தட்டோடு வந்து முறையை மீறினார்கள். ரோஹன் ஜன்னலைத் திறந்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு பருப்பும் சோறும் சாப்பிட்டான். ஆனால் எழுந்து போகவில்லை. யூவனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. இன்னொரு கரண்டி போடு என்றான். சட்டப்படி ஐந்து பேரும் பாத்திரம் தேய்த்தார்கள்.

மறுநாள் காலை மணியம்மாள் நண்டு ஏலத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மா, நான் இப்ப வர்ல. டிக்கெட்ட மாத்திட்டேன்."

"ஏன்டி? இன்னா ஆச்சி? எவனாவது இன்னா..."

"ஒருத்தனும் இல்ல மா. என் பாடு போய்டும்."

"எது பாடு?"

"இங்க வூட்ல அடுப்புக்குப் பாடு வெச்சிக்கிறோம். என் பேர்ல சீட்டு வுழுந்திச்சி."

தெருவில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மணியம்மாள் போனை இன்னும் உயரே தூக்கினாள்.

"ஒன் பேர்லயா?"

"என் பேர்லதான் மா. வெண்ணிலான்னு எழுதி."

மணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் வருவாள் என்று மாவு இடித்து வைத்திருந்தவள் அவள்.

"அப்ப வராதே" என்றாள். "வுழுந்த பாட்ட வுட்டுட்டு எவளாவது வருவாளா? அங்கியே குந்து."

எல்லப்பன் அன்று படகுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பாட வராது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

செய்தி தசரதன் காதுக்குப் போனபோது வேறு உருவம் எடுத்திருந்தது. நமது பாடு முறையை லண்டன் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டுப் படிப்பு நம் பெண்களுக்கு ஒத்துவராது என்ற வருத்தத்தை அவர் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டார். காணும் பொங்கலன்று பாராட்டு விழா என்று முடிவாயிற்று. பாராட்டப்படுபவள் ஊரில் இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, வீடியோ காலில் பாராட்டலாம் என்றார். பேனர் வந்தது. 'லண்டனில் பாடு! கடல் கடந்து கொடி நாட்டிய எங்கள் குலவிளக்கே!' பேனரில் தசரதன் ஆள் உயரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பஞ்சாயத்தார் அனைவரும் இடுப்பளவு. குலவிளக்கு மேல் மூலையில் தபால்தலை அளவு.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ரஞ்சித்திடம்தான் நல்ல போன் இருந்தது. அதை அவன் மேடையில் தூக்கிப் பிடித்தான். திரையில் வெண்ணிலா, அவளுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு அந்த வீட்டு ஐந்து பேரும். ஆண்கள் மேடைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கவாட்டில் மணலில்.

தசரதன் மைக்கைப் பிடித்தார். "பாடுன்னா இன்னா? நியாயம்! சீட்டுக்குக் கண்ணு கிடையாது. பெரியவன் சின்னவன் பாக்காது. ஏழ பணக்காரன் பாக்காது. அல்லாரும் ஒண்ணுன்னு சொன்ன மொறடா இது! இத இன்னிக்கு ஒலகமே நம்மகிட்ட கத்துக்கினு கீது!"

கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு கேமராவைப் பார்த்து, "நீ சொல்லும்மா, அங்க எப்டி?" என்றார்.

திரையில் எஃபுவா வெண்ணிலாவின் தோளைத் தட்டி ஏதோ கேட்டாள். அவர் பேசியதை வெண்ணிலா அவளுக்குச் சொன்னாள். எஃபுவா இன்னொன்று கேட்டாள். வெண்ணிலா கொஞ்சம் தயங்கினாள்.

"தலைவரே, இந்தப் பொண்ணு உங்கள ஒண்ணு கேக்கணுமாம்."

"தாராளமா கேக்கட்டும்! விருந்தாளி!"

"நம்ம ஊர்ல என் பாடு என்னிக்குன்னு கேக்குது."

ஒலிபெருக்கி வழியாக அது ஏரி வரை கேட்டது. நாற்காலிகள் எல்லாம் தலைவர் பக்கம் திரும்பின. மணலிலிருந்து குப்பம்மாவின் குரல் வந்தது. புருஷன் செத்த மறுவாரமே சீட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட வீட்டுக்காரி அவள். நண்டு விற்று மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள்.

"நல்லாத்தானே கேக்குது! பதில் சொல்லு தலைவரே!"

தசரதன் போனை உற்றுப் பார்த்தார். "நெட்டு சரியில்ல" என்றார்.

"ஃபுல் டவர் கீது தலைவரே" என்றான் ரஞ்சித்.

"சரியில்லன்னா சரியில்ல. கட் பண்ணு."

விழா இனிதே முடிந்தது. பெண்களுக்கும் சீட்டு உண்டா என்பதைப் பஞ்சாயத்து ஆலோசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆடி கழியட்டும் என்றார்கள். அப்போது தை மாதம் பிறந்து மூன்றாம் நாள். மகன் இல்லாத எல்லப்பன், தனக்குப் பிறகு தன் சீட்டு என்ன ஆகும் என்று முதல் தடவையாகக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பேனர் இப்போது தசரதனின் ஐஸ் பெட்டி மேல் வெயிலுக்குப் போர்த்தியிருக்கிறது.

தமிழ்ச் சங்கத்திலிருந்து வெண்ணிலாவுக்கு அழைப்பு வந்ததாம். பாடு முறை பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், அப்படியே கொஞ்சம் பரிமாறவும் வேண்டும். அன்று அவள் பாடு என்பதால் போகவில்லை.

போன வாரம் அந்த வீட்டில் போலந்துப் பையன் காலி செய்து வேறொருவன் வந்ததால் புதிதாகச் சீட்டுப் போட்டார்கள். முதல் வாரத்துக்கு வெண்ணிலாவுக்குத் திங்கட்கிழமை விழுந்தது. வெள்ளிக்கிழமை புதிதாக வந்தவனுக்கு. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வந்து ஒரு நாள் ஆகாதவனுக்கு நல்ல பாடா என்று கத்தியிருக்கிறாள். உங்கள் தலைவர்தானே சீட்டுக்குக் கண் இல்லை என்றார் என்று யூவன் கத்தியிருக்கிறான். எஃபுவா இரண்டு பக்கமும் கத்தியிருக்கிறாள். ரோஹன் இந்தியில். தொண்டை கட்டிய குரலோடு இதையெல்லாம் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இடையில் இரண்டு தடவை சிரித்தாள். தான் இருப்பது யாருக்காவது தெரிகிறதா என்ற பேச்சே வரவில்லை.

மணியம்மாள் போனைக் கீழே இறக்கியதும் தெருவைப் பார்த்து அறிவித்தாள். "எம்பொண்ணுக்குத் திங்கக்கெழமய தள்ளிவுட்டுட்டானுங்கோ!"

குப்பத்தில் இவ்வளவு ஒற்றுமையை நெடுநாளாகப் பார்த்ததில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள், எல்லாருமே தலைக்கட்டுகள், எழுந்து வந்து நியாயம் பேசினார்கள். தசரதனுக்குத்தான் கோபம் அதிகம்.

"நம்ம பொண்ணுன்னா அவ்ளோ எளக்காரமா? பொம்பளன்னு தள்ளுறானுங்களா? வெள்ளக்காரன் ஊர்ல நியாயமே கிடையாதா?"